தூதுப் பூனைக்கு வந்த நீர்க்கட்டு

குழாய்க்காரரின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே ஊரில் உள்ள குழாய்களெல்லாம் ஒழுகுவதை நிறுத்திவிட்டு நல்ல பிள்ளைகளாக நின்றுகொள்ளும். எல்லாக் குழாய்களும் என்றது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, கால்வாசி. ஆனால் சுவரில் காதை ஒட்டிவைத்து, உள்ளே தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவர் சொல்லிவிடுவார் என்பதில் கலப்படமே இல்லை. இருபத்தாறு வருடத் தொழில். பெரிய தங்கும் விடுதி ஒன்றின் நிலவறையில், கொதிகலன்களுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்து கற்றுக்கொண்டது. அவருடைய எந்தப் பேண்ட்டை எடுத்துப் பார்த்தாலும் வலது முழங்கால் மட்டும் வெளுத்திருக்கும். வாழ்க்கையில் பாதியை அந்த ஒற்றை முழங்காலில்தான் கழித்திருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டுக்குள்ளேயே ஒரு குழாய் முப்பது மணி நேரம் அடைத்துக் கிடந்தது. அவர் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் குழாய் பூனைக்குள் இருந்தது.

பூனையின் பெயர் இன்ஸ்பெக்டர். ஆறு வயதுக் கடுவன். வெள்ளை உடம்பில் மஞ்சள் திட்டு, ஆறரைக் கிலோ எடை. குடும்பக் கட்டுப்பாடெல்லாம் குட்டி வயதிலேயே முடிந்துவிட்டதால் ஊர் சுற்றும் வேலை இல்லை. சாப்பாடு, தூக்கம், காலையில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய் மேற்பார்வை. பெயர் வைத்தவர் குழாய்க்காரரின் மாமியார். முப்பத்தொரு வருடம் அறிவியல் டீச்சராக இருந்து, வருகிற பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கெல்லாம் எழுந்து நின்றவர். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்ததும், ஓர் இன்ஸ்பெக்டரையாவது மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதில் என்ன தப்பு?

இந்த மாமியாரும் மருமகனும் நான்கு வருடமாக நேருக்கு நேர் பேசுவதில்லை. காரணம் ஓர் ஈரத் திட்டு.

குளியலறையை ஒட்டிய சுவரில் ஒருநாள் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. பைப் வெடித்திருக்கிறது என்றார் குழாய்க்காரர். மாமியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாடியில எங்கேயோ விரிசல் விட்டிருக்கு மாப்பிள்ளை. மழைத்தண்ணி இறங்குது."

"அத்தை, இது பாடப் புத்தகம் இல்ல, பைப்பு. இதை என்கிட்ட விட்டுடுங்க."

விட்டுவிட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மூன்று நாள் சுவரை உடைத்தார் குழாய்க்காரர். குளியலறைச் சுவர், அதற்குப் பின்னால் சமையலறைச் சுவர், அதோடு நிற்காமல் மாமியார் அறையில் அலமாரிக்குப் பின்னால் இரண்டடி. உள்ளே இருந்த பைப்புகள் எல்லாம் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியவை போலக் காய்ந்து பளபளத்தன. நான்காம் நாள் மழை பெய்தது. ஈரத் திட்டு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரந்தது. மாமியார் வந்து பார்த்தார். "ம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனிதர் தாங்கியிருப்பார். அந்த "ம்" அவருக்குள் போய் முள்ளாக உட்கார்ந்துகொண்டது. மாடி விரிசலை அடைத்தார், சுவரைப் பூசினார், வெள்ளையடித்தார். பேச்சில் விழுந்த ஓட்டையை மட்டும் பூசவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? பூனை கிடைத்தது.

"இன்ஸ்பெக்டர், சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு" என்பார் மாமியார், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மருமகனைப் பார்க்காமல்.

"வர்றேன்னு சொல்லு இன்ஸ்பெக்டர்."

"குழம்புல உப்பு எப்படி இருக்குன்னு கேளு."

"இருக்குன்னு சொல்லு."

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விடும். அதுதான் செய்தி சேர்ந்ததற்கு அத்தாட்சி. இந்தத் தூதுக்கு ஒரே ஒரு விதி உண்டு: பூனை அறையில் இருக்க வேண்டும். பூனை இல்லாத அறையில் இருவரும் வாய் திறப்பதில்லை. குழாய்க்காரரின் மனைவி ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் சண்டைக்காரர்களின் கடிதங்களைப் படித்துவிட்டு வருபவர். "பூனைக்காவது புத்தி இருக்கே, ரெண்டு பக்கமும் சேராம இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்ப்பார்.

அந்த மனைவி ஒரு புதன்கிழமை காலை, மூன்று நாள் அலுவலகப் பயிற்சி என்று வெளியூருக்குக் கிளம்பிப் போனார். அன்றைக்குத்தான் பூனைக்கு நீர் அடைத்தது.

வீட்டில் பூனை வேலை பங்கு பிரித்திருந்தது. மணல் தட்டு குழாய்க்காரரின் பங்கு. விடிந்ததும் ஆறு மணிக்குப் பழைய மணலைக் கொட்டி, தட்டைக் கழுவிப் புது மணல் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். பகலில் பூனையைப் பார்த்துக்கொள்வது மாமியார். ஆகவே, அன்று பகல் பூனை கால் மணிக்கு ஒரு தரம் தட்டில் ஏறிக் குந்தியதையும், முக்கியதையும், இறங்கி வந்து பின்புறத்தை விடாமல் நக்கியதையும் பார்த்தவர் மாமியார் மட்டும். 'மலச்சிக்கல்' என்று முடிவு கட்டினார். சாயங்காலம் வெள்ளை நுரையாக வாந்தி எடுத்தது. 'முடி உருண்டை' என்றார் தனக்குத்தானே. இன்ஸ்பெக்டரின் உடம்பு அவருக்குத் தெரியாததா? காதுக்குள் பூச்சி வந்து தலையை உதறியது, தெள்ளுப்பூச்சி கடித்து வாலடியில் முடி கொட்டியது, பக்கத்து வீட்டுக் கறுப்புக் கடுவனோடு சண்டை போட்டுக் கன்னத்தில் சீழ் கட்டியது, எல்லாவற்றையும் பார்த்தவர். முடியை விழுங்கி வாந்தி எடுப்பது மாதம் ஒரு முறை நடப்பதுதான்.

மறுநாள் வியாழக்கிழமை விடிந்ததும் தட்டைப் பார்த்தவர் குழாய்க்காரர். போட்ட மணல் போட்டபடி இருந்தது. அங்கங்கே பிறாண்டல், ஆனால் ஈரம் பட்டு இறுகிய ஒரு கட்டிகூட இல்லை. 'ஜன்னல் வழியா பூந்தொட்டிக்குப் போயிருப்பான், திருட்டுப் பய' என்று நினைத்துக்கொண்டார். சொல்வதற்கு மனைவி இல்லை. மாமியாரிடம் சொல்லலாமென்றால் பூனை அறையில் இல்லை; அது மாமியாரின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோரமாகச் சுருண்டுகிடந்தது. மாமியாருக்கும் அதே கதை. மருமகனிடம் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குத் தூதன் இல்லை.

இரண்டு பேரின் கையிலும் ஆளுக்குப் பாதி உண்மை இருந்தது. இரண்டையும் ஒட்டவைக்க வேண்டியவன் கட்டிலடியில் செத்துக்கொண்டிருந்தான். புதன்கிழமை இரவு மனைவி போனில் பேசியபோதுகூட, "பூனை சரியா சாப்பிடல, வெயிலா இருக்கும்" என்றார் அம்மா. "எல்லாம் நல்லா இருக்கு" என்றார் கணவர்.

வியாழன் மதியம் குழாய்க்காரர் சாப்பிட வந்தார். மேசையில் தட்டு தயாராக இருந்தது. வழக்கமாகக் காலைச் சுற்றுகிற பூனை வரவில்லை. மாமியாரின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பசியும் அல்ல, கோபமும் அல்ல; அடித்தொண்டையிலிருந்து இழுத்துவந்த ஒரு முனகல். எட்டிப் பார்த்தார். மாமியார் ஒரு கரண்டி விளக்கெண்ணெயோடு கட்டிலருகே குனிய முடியாமல் குனிந்துகொண்டிருந்தார்.

குழாய்க்காரர் தரையில் மல்லாந்து, சமையலறைத் தொட்டிக்கு அடியில் நுழைவதுபோலக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். கையை நீட்டிப் பூனையின் வயிற்றுக்குக் கீழே கொடுத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே டென்னிஸ் பந்து போல ஒன்று கல்லாக இறுகியிருந்தது. வால்வை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் பைப் எப்படி விறைக்கும் என்று இருபத்தாறு வருடமாக அந்தக் கைக்குத் தெரியும். வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது, போக வழி இல்லை. காலையில் பார்த்த காய்ந்த மணல் அவர் கண்முன் வந்தது.

"இன்ஸ்பெக்டர்" என்றார் கட்டிலுக்கு அடியிலிருந்து. "விளக்கெண்ணெய் வேண்டாம்னு சொல்லு."

மேலே கரண்டி நின்றது.

"ஏன்னு கேளு."

"மலச்சிக்கல் இல்ல, நீர்க்கட்டுன்னு சொல்லு. உடனே டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லு."

மாமியார் "ம்" என்று சொல்லவில்லை. கரண்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

நான்கு வருடத்தில் முதல் முறையாக அவர் மருமகனின் ஸ்கூட்டரில் ஏறினார். மடியில் பூனைக் கூடை, கூடைக்குள் ஒரு பழைய துண்டு, துண்டுக்கு மேல் இன்ஸ்பெக்டர். குழாய்க்காரர் சாலையில் ஒரு பள்ளம் விடாமல் விலக்கி விலக்கி ஓட்டினார். பின்னால் வந்த லாரிக்காரன், "கல்யாண ஊர்வலமா?" என்று கத்தினான். இப்படிக் கத்துகிறவர்களுக்குக் கைவசம் பதில் வைத்திருப்பவர்தான் குழாய்க்காரர். அன்றைக்கு அடுத்த பள்ளத்தை மட்டும் பார்த்தார்.

விலங்கு மருத்துவமனையில் இரும்பு மேசை, எடை போடும் தட்டு, சுவரில் பூனையின் உள்ளுறுப்புகளை வண்ணம் வண்ணமாகக் காட்டும் படம். டாக்டர் முப்பது வயதுப் பெண்மணி. சிரித்துக்கொண்டே வந்தவர் பூனையின் வயிற்றைத் தொட்டதும் சிரிப்பை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

"கடைசியா எப்போ சிறுநீர் போச்சு?"

"நேத்து பூரா போச்சு டாக்டர்" என்றார் மாமியார். "முப்பது தடவையாவது தட்டுல ஏறியிருப்பான்."

"தட்டுக்குப் போனான், சரி. சிறுநீர் வந்துச்சா?"

"அதைத் தட்டு கழுவுறவங்கதான் பார்த்திருக்கணும்."

"வரல" என்றார் குழாய்க்காரர், டாக்டரின் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. "நேத்து ஆறு மணிக்கு மணல் போட்டேன். இன்னிக்குக் காலைல பார்த்தா காஞ்சு கிடந்துச்சு."

"வாந்தி?"

"நேத்து சாயங்காலம்" என்றார் மாமியார்.

"வாந்தியா?" என்று திரும்பினார் குழாய்க்காரர். "வாந்தி எடுத்தானா?"

"மணல் காஞ்சு கிடந்துச்சா?" என்று திரும்பினார் மாமியார்.

இரண்டு பேரும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

மேசையில் கிடந்த தூதன் முனகினான்.

டாக்டர் வேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடுவன் பூனைகளுக்கு இது அடிக்கடி வருகிற தொல்லை. தண்ணீர் குறைவாகக் குடித்து, உலர்ந்த உணவையே தின்று, வீட்டுக்குள்ளேயே கொழுத்துக் கிடக்கிற பூனைகளுக்கு அதிகம். சிறுநீரில் மணல் போலப் படிகம் சேரும். சளியோடு கலந்து குழாயின் நுனியில் தக்கை போல அடைத்துக்கொள்ளும்.

"குழாய் எத்தனை மில்லிமீட்டர் டாக்டர்?" என்று கேட்டார் குழாய்க்காரர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நுனியில ஒரு மில்லிமீட்டர்கூட வராது."

குழாய்க்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். ஊரின் பத்து அங்குலச் சாக்கடைக் குழாய்களையெல்லாம் திறந்த விரல்கள்.

"வெளியே போகவேண்டியது போகலன்னா விஷம் ரத்தத்துல தேங்கும். பொட்டாசியம் ஏறினா இதயம் நின்னுடும். ரெண்டு நாள் தாண்டினா பிழைக்கிறது கஷ்டம். முப்பது மணி நேரம் ஆயிருக்கு. மயக்கம் குடுத்து, சின்ன டியூபை விட்டு, எதிர்ப்பக்கமா தண்ணி அடிச்சு அடைப்பைத் தள்ளிப் பார்க்கிறேன். நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். வெளியே உக்காருங்க."

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ஒரு மர பெஞ்சு. ஒரு நுனியில் மாமியார், மறு நுனியில் மருமகன். நடுவில் காலிக் கூடை. கூடைக்குள் வெள்ளை முடி ஒட்டிய துண்டு. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வராததுதான் கொடுமை. குழாய்க்காரருக்குப் பூனைக்காக ஒரு பயம். அதற்கு அடியில் இன்னொன்று, சொல்ல வெட்கமான பயம்: இவன் போய்விட்டால் இந்த மனுஷியோடு எப்படிப் பேசுவது?

கால் மணி நேரம் போயிருக்கும். மாமியார் கூடையைப் பார்த்துப் பேசினார்.

"மணல் காஞ்சிருந்ததைக் காலைலயே சொல்லியிருக்கலாமேன்னு கேளு."

கூடை கொட்டாவி விடவில்லை. குழாய்க்காரரும் கூடையைப் பார்த்தார்.

"வாந்தி எடுத்ததை நேத்தே சொல்லியிருக்கலாமேன்னு நீயும்..."

அந்த "நீயும்" பாதியில் ஒடிந்துவிட்டது. துண்டின் மேல் கையை வைத்தார். துண்டில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அப்புறம் கூடையைத் தூக்கித் தரையில் வைத்தார். நடுவில் ஒன்றும் இல்லை.

"அத்தை" என்றார்.

மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி மாடியிலேர்ந்துதான் வந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும். முதல் செங்கல்லை எடுத்தப்பவே பைப்பு காஞ்சு கிடந்துச்சு. நிறுத்தியிருக்கணும். நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நிறுத்த முடியல. மூணு நாள் சும்மா உடைச்சேன்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். பிறகு, வகுப்பின் கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தக் கணீர்க் குரலில் சொன்னார்: "மாப்பிள்ளை, இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாலு வருஷமா காதைத் தீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தப்பை ஒத்துக்கிட்ட மனுஷனைவிடப் பெரிய மனுஷன் கிடையாது. அன்னிக்கு நானும் ஒரு 'ம்' போட்டிருக்கக் கூடாது. இனிமே நமக்கு நடுவுல பூனை வேண்டாம்."

கதவு திறந்தது. டாக்டரின் நெற்றியெல்லாம் வியர்வை.

"திறந்துடுச்சு. ஒரு கிண்ணம் நிறைய வந்துச்சு, ரத்தம் கலந்து."

ஈரப் பஞ்சில் ஒட்டியிருந்த பழுப்பு மணலைக் காட்டினார். குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். "இந்தத் துளிக்கா!" என்றார்.

ஆனால் அதோடு முடியவில்லை. சிறுநீரகம் அடி வாங்கியிருந்தது. இரண்டு நாள் டியூபோடும் சொட்டு மருந்தோடும் அங்கேயே வைத்திருந்தார்கள். இருவரும் காலையும் மாலையும் ஒரே ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தார்கள். கூண்டுக்குள் இன்ஸ்பெக்டர் கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு, பதவியிறக்கம் செய்யப்பட்ட அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தது. குழாய்க்காரர் டியூபும் பையும் சேரும் இணைப்பை உற்று உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "கையை வைக்காதீங்க" என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை ரத்தத்தில் விஷத்தின் அளவு இறங்கத் தொடங்கியது. சனிக்கிழமை டியூபை எடுத்தார்கள். பூனை தானாகவே சிறுநீர் கழித்தது. மாமியாரும் மருமகனும் ஒரு பூனை மூத்திரம் போவதைப் பார்த்து கைதட்டியது மாதிரி இன்னொரு காட்சியை அந்த மருத்துவமனை இனி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

அன்று மாலை மனைவி பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தார். சமையலறை மேசையில் அம்மாவும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டி கையிலிருந்து நழுவியது.

"யாரு செத்தா?" என்றார்.

இது மறுபடியும் வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அதனால் இன்ஸ்பெக்டருக்கு இப்போது ஈர உணவுதான். அறைக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம். குழாய்க்காரர் மூன்று நாள் உட்கார்ந்து, மோட்டார் வைத்து, தண்ணீர் சலசலவென்று ஓடும் ஒரு நீரூற்றைச் செய்துகொடுத்தார். பூனை அதை ஒரு தரம் முகர்ந்துவிட்டுப் பூந்தொட்டித் தட்டில் தேங்கியதைக் குடிக்கப் போய்விட்டது.

விடிந்ததும் தட்டருகே அந்த வெளுத்த முழங்காலை ஊன்றிக்கொண்டு குழாய்க்காரர் குரல் கொடுப்பார்:

"அத்தை! ரெண்டு கட்டி! பெருசு!"

"நல்லது மாப்பிள்ளை! நேத்து பகல்ல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, கணக்கு சரி!"

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது என்ன வியாபாரம் என்று இன்றுவரை புரியவில்லை.

இவ்வளவையும் எழுதி நான் வாசித்துக் காட்டியபோது, மாமியார் பூனையின் வயிற்றைத் தடவியபடி கடைசிவரை கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரி. ஆனா அந்த பெஞ்சுல நான் அப்படி வசனமெல்லாம் பேசல. அவர் சொல்லி முடிக்கும்போது தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு இருந்தார். 'மூக்கைத் துடைங்க மாப்பிள்ளை, டாக்டர் வர்றாங்க'ன்னேன். அவ்வளவுதான்."